ஒட்டும் பூட்டும்

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டு விழா மேடையிலே சமய குரவரின் சரிதையோ தமிழின் தொன்மையோ பேசப்படுவதே வழக்கம். பொறியியல் பயிலும் மாணவராகிய எம்மை அழைத்த செயலாளர் அவர்கள், “நீங்கள் படிக்கிறதில ஒண்டைச் சொல்லுங்கோ, ஆனால் எங்கடை சனத்துக்கு விளங்க வேணும்” என்று கட்டளையிட்டார். அக்கட்டளையைத் தலைமேற்கொண்டு, கணினியிலே ஒரு பொருளை வரையும்போது அதனை ஒரே பாகமாக வரைவதா, பல பாகங்களாக வரைந்து பூட்டுவதா என்னும் வினாவை இன்று எடுத்துக்கொண்டோம். இது சிறிய விடயம் போலத் தோன்றலாம். எமது சகடை வெள்ளோட்டத்தன்று நேர்ந்ததைக் கண்டவர்கள் அதனைச் சிறிய விடயம் என்று சொல்லமாட்டார்கள். அந்தக் கதையையும் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்போகின்றோம். ஏனெனில் அங்கே நேர்ந்த பிழை எம்முடையது.

முதலில், கணினியில் வரைதல் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம். தாளிலே வரைபவர் கோடுகளையே வரைகின்றார். மேலிருந்து ஒரு தோற்றம், முன்னிருந்து ஒன்று, பக்கத்திலிருந்து ஒன்று என மூன்றையும் வரைந்து வைப்பார். அவற்றைப் பார்த்து முழு உருவையும் மனத்திலே கட்டிக்கொள்வது பட்டறைக்காரரின் பொறுப்பு. கணினியிலோ நாம் வரைவது திண்மம். ஒரு சதுரத்தை வரைந்து, அதனை இவ்வளவு உயரத்துக்கு இழு என்றால் அது ஒரு கட்டையாகின்றது. ஒரு வட்டத்தை வரைந்து, இவ்வளவு ஆழத்துக்கு வெட்டு என்றால் அதிலே துளை விழுகின்றது. இந்தச் செயல்கள் எல்லாம் வரிசையாகப் பதிவாகின்றன. ஆதலின் நேற்று வைத்த அளவை இன்று மாற்றினால், அதன்பின் செய்தவை யாவும் தாமாகவே திருந்திக்கொள்கின்றன. இம்முறையை 1988 இல் புறோ எஞ்சினியர் என்னும் மென்பொருள் பரப்பியது. 1995 இல் சொலிட்வேர்க்ஸ் அதனைச் சாதாரண விண்டோஸ் கணினிகளுக்குக் கொண்டுவந்தது. இன்று ஃபிரீகாட் என்னும் மென்பொருள் காசின்றியே கிடைக்கின்றது. அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வெளிவந்தபோது, பாகங்களைப் பூட்டும் வசதியும் அதனுள்ளேயே சேர்க்கப்பட்டது. ஆதலின் ஓர் ஏழை மாணவன் தன் வீட்டு மேசையில் இருந்தபடியே இதனைப் பழகலாம்.

இனி எமது வினாவுக்கு வருவோம். ஒரே கோப்பினுள் ஒரு திண்மத்தை மட்டுமன்றி, ஒன்றோடொன்று சேராத பல திண்மங்களையும் வரைந்து வைக்கலாம். இதனைப் பல்திண்மப் பாகம் என்போம். மற்றொரு முறையில், ஒவ்வொன்றையும் தனித்தனிப் பாகமாகத் தனித்தனிக் கோப்பில் வரைந்து, பின்னர் வேறொரு கோப்பில் அவற்றைக் கொண்டுவந்து பொருத்துகின்றோம். ஆங்கிலத்தில் அசெம்பிளி எனப்படும் இதனை, நம்மூர் மெக்கானிக்குகள் சொல்வதுபோலப் பூட்டுதல் என்றே சொல்லலாம். கழற்றுவதும் பூட்டுவதும் நமக்குப் புதிய சொற்கள் அல்லவே!

திரையிலே பார்க்கும்போது இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். நிறமும் ஒன்று, உருவும் ஒன்று. அங்கேதான் நாம் ஏமாந்தோம்.

எமது ஆலயத்திலே சுவாமியை வாகனத்தில் எழுந்தருளச் செய்து, இளைஞர்கள் தோளிற் சுமந்து வீதிவலம் வருவது முன்னைய வழக்கம். அந்தத் தோள்களிற் பல இன்று கடல் கடந்த நாடுகளில் இருக்கின்றன. எஞ்சியிருப்போர் சிலர். அவர்கள் களைத்துப்போகின்றார்கள் என்பதனால், வாகனத்தை வைத்து இழுக்கச் சில்லுகள் பூட்டிய புதிய இரும்புச் சகடை ஒன்று செய்வதெனத் தீர்மானிக்கப்பட்டது. அதனை வரைந்து கொடுக்கும் பணி பல்கலைக்கழக மாணவர் மூவராகிய எம்மிடம் ஒப்படைக்கப்பட்டது. நாம் பெருமிதத்தோடு ஏற்றுக்கொண்டோம்.

சகடையின் சட்டம் 2400 மில்லிமீற்றர் நீளம், 1200 மில்லிமீற்றர் அகலம். பொக்ஸ் பார் என்னும் சதுரக் குழாய்களை வெட்டி ஒட்டிச் செய்வது. அதன் அடிப்புறம் நிலத்திலிருந்து 560 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கும். சில்லுகள் நான்கும் 600 மில்லிமீற்றர் விட்டமுடையவை. சட்டத்துக்கு வெளிப்புறமாக, 50 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு நிற்பவை. முன் அச்சு மாத்திரம் நடுவில் உள்ள ஓர் ஆணியைச் சுற்றித் திரும்பும்.

இவை முழுவதையும் நாம் ஒரே கோப்பிலே பல திண்மங்களாக வரைந்தோம். காரணம் சொல்ல வெட்கமாக இருக்கின்றது. தனித்தனிக் கோப்புகளை வைத்துக் கட்டிக்காப்பது எமக்குச் சிரமமாகத் தோன்றியது. ஒரே கோப்பென்றால் எல்லாம் கண்முன்னே இருக்குமன்றோ? திண்மங்கள் ஒன்றினுள் ஒன்று புகுந்துள்ளனவா என்று சோதித்துப் பார்த்தோம். இல்லை என்று கணினி சொல்லிற்று. படத்தை அச்சிட்டுப் பட்டறைக்குக் கொடுத்தோம். பட்டறையில் இருந்த பெரியவர் அதன்படியே ஒரு மில்லிமீற்றர் பிசகாமல் செய்து முடித்தார்.

கொடியேற்றத்துக்கு 12 நாள் முந்திய ஒரு மாலை, வெறும் சகடையை இழுத்து வெள்ளோட்டம் பார்த்தோம். கிழக்கு வீதியிலே அது தேர்போல அழகாக ஓடியது. தெற்கு வீதிக்குத் திரும்பும் மூலையில் முன் அச்சைத் திருப்பினோம். திருப்பிய கணமே முன் சில்லுகள் இரண்டும் சட்டத்தில் முட்டி, பெரும் சத்தத்தோடு சகடை நின்றுவிட்டது. பின்னால் தள்ளியவர்கள் அதன்மீது சாய்ந்தார்கள். சட்டத்தைப் பிடித்தபடி நடந்து வந்த தம்பி ஒருவனின் விரல்களுக்கும் சில்லு இரும்பில் முட்டிய இடத்துக்கும் இடையே ஒரு சாண் தூரமே இருந்தது. வாகனமும் சுவாமியும் மேலே இருந்து, அந்தத் தம்பி ஒரு சாண் முன்னே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்க எமக்குத் துணிவில்லை.

பட்டறைப் பெரியவர் குனிந்து பார்த்தார். கோபிக்கவில்லை. “தம்பிமார், உதைக் கொம்பியூட்டரில திருப்பிப் பாத்தனீங்களோ?” என்று மாத்திரம் கேட்டார்.

“இல்லை ஐயா, நேராய் வைச்சுத்தான் பாத்தனாங்கள்” என்றோம்.

திருப்பிப் பார்த்திருக்க முடியாதா? எமது கோப்பிலே அது இலகுவில் முடியாது. அதுவே இன்றைய உரையின் சாரம். பல்திண்மப் பாகத்திலே திண்மங்கள் வரைந்த இடத்தில் அப்படியே உறைந்து நிற்கின்றன. இது அச்சு, இது ஆணி, இதைச் சுற்றி அது திரும்பும் என்னும் அறிவு அந்தக் கோப்புக்கு இல்லை. நாம் நேராக நிற்கும் சகடையின் சிலை ஒன்றைச் செய்துவிட்டு, ஓடும் சகடையைச் செய்ததாக எண்ணிக்கொண்டோம்.

பூட்டும் முறை எவ்வாறு வேறுபடுகின்றது? வெளியிலே தடையின்றி விடப்பட்ட ஒரு பொருளுக்கு 6 வகை அசைவுரிமைகள் உண்டு. முன்பின், இடவலம், மேல்கீழ் என நகர்வன 3. அந்த மூன்று திசைகளையும் அச்சாகக் கொண்டு சுழல்வன 3. பூட்டுக் கோப்பிலே ஒரு பாகத்தைக் கொண்டுவந்து வைத்தவுடன் அதற்கு இந்த 6 உரிமைகளும் இருக்கும். நாம் இடும் ஒவ்வொரு பிணைப்பும் அவற்றிற் சிலவற்றைப் பறிக்கின்றது. துளையின் மையமும் ஆணியின் மையமும் ஒரே கோட்டில் நிற்கவேண்டும் என்றால் 4 போய்விடும். ஆணிவழியே வழுக்குவதும், ஆணியைச் சுற்றுவதும் மிஞ்சும். பாகத்தின் முகம் தட்டின் முகத்தோடு ஒட்டி நிற்கவேண்டும் என்று அடுத்த பிணைப்பை இட்டால் வழுக்குதலும் போய்விடும். எஞ்சுவது 1. அதுவே திரும்புதல். இப்பொழுது சுட்டியால் அச்சைப் பிடித்து இழுத்தால், உண்மையான அச்சு எப்படித் திரும்புமோ அப்படியே அது திரையிலும் திரும்பும். எங்கே முட்டுகின்றதோ அங்கே கணினி காட்டிக்கொடுக்கும்.

அன்றிரவே மூவரும் உட்கார்ந்து, சட்டத்தை ஒரு பாகமாகவும், அச்சு, சில்லு, பெயாரிங், ஆணி முதலியவற்றை வெவ்வேறு பாகங்களாகவும் மறுபடி வரைந்து பூட்டினோம். முன் அச்சை மெல்லத் திருப்பினோம். ஏறக்குறைய 13 பாகை திரும்பியபோதே சில்லு சட்டத்தைத் தொட்டது. காரணமும் வெளிப்படை. சில்லின் உச்சி 600 மில்லிமீற்றரில் நிற்க, சட்டத்தின் அடி 560 இல் இருந்தது. மேலே துருத்திய 40 மில்லிமீற்றர் பகுதியே திரும்பும்போது உள்ளே வந்து இடித்தது. குதிரை வண்டிகளிலே முன் சில்லுகள் பின் சில்லுகளிலும் சிறியனவாக இருப்பதைப் படங்களிற் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்காக அன்று, வண்டியின் கீழே புகுந்து திரும்புவதற்காக என்பது அன்றைக்குத்தான் எமக்கு உறைத்தது.

முன் சில்லை 450 மில்லிமீற்றராக மாற்றினோம். அச்சின் மையம் 300 இலிருந்து 225 க்கு இறங்கியது. குறைந்த 75 மில்லிமீற்றருக்கு அச்சுக்கு மேலே ஒரு கட்டை கொடுத்தோம். சட்டம் முன்போல மட்டமாகவே நின்றது. இப்பொழுது சில்லின் உச்சிக்கும் சட்டத்துக்கும் இடையே 110 மில்லிமீற்றர் வெளி. திரையிலே வேண்டிய மட்டும் திருப்பிப் பார்த்த பின்னரே இரும்பை வெட்டச் சொன்னோம். மேலதிகச் செலவை நாம் மூவரும் ஏற்றுக்கொண்டோம். திருவிழாவிலே சகடை நான்கு மூலையும் திரும்பியதை நீங்கள் எல்லோரும் கண்டீர்கள்.

“அப்படியாயின் எல்லாவற்றையும் தனித்தனியாக வரைந்து பூட்டிவிட்டாற் போயிற்று” என்று சிலர் எண்ணக்கூடும். அதுவும் பிழையே. அந்தச் சட்டத்தைப் பாருங்கள். பல குழாய்த் துண்டுகளை ஒட்டிச் செய்தது. ஒட்டியபின் ஒரு துண்டு மற்றொன்றை விட்டு அசையப்போவதில்லை. அவற்றை ஒவ்வொன்றாகப் பூட்ட முனைந்தால், இல்லாத அசைவுகளைப் பறிப்பதற்காகவே நூறு பிணைப்புகள் இடவேண்டியிருக்கும். சட்டத்தின் நீளத்தை மாற்றினால் அவற்றில் எது அறும், எது முறுகும் என்று சொல்ல இயலாது. ஆனால் சட்டத்தைப் பல்திண்மப் பாகமாக, ஒரே எலும்புக்கூட்டுக் கோட்டுப்படத்தின்மீது வரைந்தால், ஓர் அளவை மாற்றியதும் குழாய்கள் எல்லாம் ஒருங்கே நீளும். அதுமட்டுமன்று. இன்ன நீளத்தில் இத்தனை துண்டு, முனை இன்ன பாகையில் வெட்டவேண்டும் என்ற வெட்டுப் பட்டியலையும் மென்பொருள் எழுதித் தரும். 20 அடிக் குழாயை வாங்கி வந்து வெட்டும் பட்டறைக்காரருக்கு அந்தப் பட்டியலைப் போல உதவுவது வேறொன்றில்லை.

பல்திண்ம முறைக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. மூடியுள்ள ஒரு குங்குமச் சிமிழை வரையவேண்டும் எனக் கொள்வோம். மூடியை வேறாகவும் சிமிழை வேறாகவும் வரைந்தால், வளைவு இரண்டும் விளிம்பில் ஒத்துவருமாறு செய்வது கடினம். கைதேர்ந்தவர் அவ்வாறு செய்யார். முழுச் சிமிழையும் ஒரே திண்மமாக வரைவார். பின்னர் ஒரு தளத்தால் குறுக்கே பிளந்து இரண்டு திண்மங்களாக்குவார். ஒரு வயிற்றில் பிறந்தவை ஆதலின் விளிம்புகள் தாமாகவே ஒத்துப்போகும். அதன்பின் ஒவ்வொன்றையும் தனிப் பாகமாகச் சேமித்து, மூடியைச் சிமிழின்மீது பூட்டித் திறந்து மூடிப் பார்ப்பார். இங்கே பல்திண்மம் என்பது இறுதி நிலை அன்று. பாகங்கள் பிறக்கும் கருப்பை என்றே சொல்லலாம்.

ஆகவே இளைஞர்காள், வரையத் தொடங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது, இது மற்றதைவிட்டு அசையுமா? இரண்டாவது, இது தனியே கடையில் வாங்கப்படுவதா, அல்லது பழுதானால் தனியே கழற்றப்படுவதா? மூன்றாவது, இதே பொருள் பல இடங்களில் வருமா, அல்லது வேறொருவர் இதனைத் தனியே வரையவேண்டியிருக்குமா? மூன்றில் ஒன்றுக்கேனும் ஆம் என்பது விடையானால் அது தனிப் பாகமாக வரைந்து பூட்டப்படவேண்டியது. மூன்றுக்கும் இல்லை என்றால் அது ஒரே பாகத்தினுள் ஒரு திண்மமாக இருக்கத் தகுந்தது.

மூன்றாம் வினாவைப்பற்றிச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். 1963 இல் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே இவான் சதர்லாந்து என்னும் ஆராய்ச்சி மாணவர் ஸ்கெச்பாட் என்ற வரைதற் செயலியை ஆக்கினார். அதிலே ஒரு மூலப்படத்தை வரைந்து, அதன் படிகளை வேண்டிய இடங்களில் வைக்கலாம். மூலத்தைத் திருத்தினால் படிகள் யாவும் திருந்தும். இன்றைய பூட்டுக் கோப்புகளின் வித்து அதுவே. சில்லை ஒருமுறை வரைந்து பல இடங்களில் வைத்திருந்தால், ஒருமுறை திருத்தினாற் போதும். நாமோ எமது முதற் கோப்பிலே சில்லைக் கையாற் படியெடுத்து நான்கு தனித் திண்மங்களாக வைத்தோம். பெயாரிங்கின் அளவு மாறியபோது மூன்றைத் திருத்தி நான்காவதை மறந்தோம். பட்டறைப் பெரியவர் கவனித்துக் கேட்டிராவிட்டால் அதுவும் பிழையாகவே வந்திருக்கும்.

ஒரே கோப்பிலே மூவர் வேலை செய்வதில் வரும் துன்பம் வேறு. கோப்பு ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போகும்தோறும் அதன் பெயர் “இறுதி” என்றும், “இறுதி 2” என்றும், “முற்றிலும் இறுதி” என்றும் வளர்ந்தது. இருவர் இரு படிகளில் ஒரே நாளிலே மாற்றங்கள் செய்தோம். அவற்றில் ஒருவரின் உழைப்பு முழுவதும் வீணாயிற்று.

நம்மைப்போன்ற சிறுவர்க்கே இந்தச் சங்கடம் என்று எண்ணவேண்டாம். போயிங் நிறுவனம் 777 விமானத்தை முழுவதும் கணினியிலே, கட்டியா என்னும் மென்பொருள்கொண்டு வரைந்தது. பாகங்களைத் திரையிலேயே பூட்டி, எது எதில் முட்டுகின்றது என்று முன்கூட்டியே பார்த்துத் திருத்தினார்கள். அவ்விமானம் 1994 யூன் 12 இல் முதன்முதலாகப் பறந்தது. பின்னர் ஐரோப்பாவில் எயர்பஸ் நிறுவனம் இரண்டு தட்டுகள் கொண்ட ஏ380 என்னும் பெருவிமானத்தை ஆக்கியது. அதனுள் ஓடும் மின்கம்பிகளின் நீளம் ஏறக்குறைய 530 கிலோமீற்றர். ஜேர்மனியின் ஹம்பேர்க்கில் இருந்தோர் கட்டியாவின் 4 ஆம் பதிப்பிலும், பிரான்சின் துலூசில் இருந்தோர் 5 ஆம் பதிப்பிலும் வேலை செய்தார்கள். ஒருவர் கோப்பு மற்றவர் கோப்போடு செவ்வையாகப் பொருந்தவில்லை. துலூசிலே விமானத்தைப் பூட்டும்போது கம்பிக்கட்டுகள் போய்ச்சேர வேண்டிய இடத்துக்கு எட்டவில்லை. 2006 இல் அந்நிறுவனம் தாமதத்தின்மேல் தாமதத்தை அறிவிக்க நேர்ந்தது. முதல் விமானம் 2007 ஒக்டோபரிலேதான் சிங்கப்பூர் எயர்லைன்சின் கையில் ஒப்படைக்கப்பட்டது.

இதிலிருந்து நாம் அறிவது யாது? பாகங்களைப் பிரித்து வரைந்துவிட்டால் மாத்திரம் போதாது. பிரித்து வரைவோர் ஒரே அளவுகோலையும் ஒரே பதிப்பையும் ஒரே அடிப்படைக் கோட்டுப்படத்தையும் கைக்கொள்ளவேண்டும். பூட்டுக் கோப்பு பாகங்களைத் தன்னுள்ளே வைத்திருப்பதில்லை. அவை இருக்கும் இடத்தையே நினைவில் வைத்திருக்கின்றது. ஒருவர் சொல்லாமற் கொள்ளாமல் ஒரு கோப்பின் பெயரை மாற்றினால், மறுநாள் அந்தப் பாகம் வெறுமையாகிவிடும். எல்லாவற்றிற்கும் மேலாக, பூட்டியதை ஒருமுறையேனும் கடைசி எல்லைவரை அசைத்துப் பார்க்கவேண்டும். நேராக நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். திரும்பும் மூலையிலேதான் உண்மை தெரியும்.

சைவப் பெரியோர்கள் நிறைந்த இந்தச் சபையிலே ஒரு சிறு ஒப்புமையைச் சொல்ல அனுமதி வேண்டுகின்றோம். இறைவன் உயிர்களோடு ஒன்றாயும், வேறாயும், உடனாயும் நிற்கின்றான் என்பது நம் சித்தாந்தம். இரும்புச் சகடையை அந்த உயர்ந்த உண்மையோடு ஒப்பிடுவது தகாது என்பதை அறிவோம். ஆயினும் ஒன்றாய் நிற்றல் வேறு, வேறாய் நிற்றல் வேறு, உடனாய் நிற்றல் வேறு என்று நுணுகிப் பிரித்தறியும் பழக்கம் நம் முன்னோர்க்கு இருந்தது. சட்டத்தின் குழாய்கள் ஒன்றாய் நிற்பவை. கடையில் வாங்கிய பெயாரிங் வேறாய் நிற்பது. ஆணியும் அச்சும் உடனாய் நின்று தொழில் செய்பவை. இந்த மூன்றையும் குழப்பியதே நாம் செய்த தவறு.

எமது சங்கத்துக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கின்றோம். கொள்கையிலே நாம் ஒட்டிய இரும்பாக இருப்போம். தொழிலிலோ ஒவ்வொருவரும் தத்தமக்குரிய அசைவோடு பூட்டிய பாகங்களாக இருப்போம். எல்லோரையும் ஒட்டிவிட்டால் சகடை திரும்பாது. ஒருவரையும் பிணைக்காவிட்டால் அது ஓடாது. கடல் கடந்து போன தோள்களுக்குப் பதிலாக இங்கே எஞ்சியிருக்கும் சில தோள்கள் சுவாமியை வீதிவலம் கொண்டுவர வேண்டுமானால், இரண்டையும் அறிந்து செய்தல் வேண்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அந்தப் பட்டறைப் பெரியவர் திரையைத் தொட்டதில்லை. ஆனால் நாம் கேட்க மறந்த ஒரேயொரு கேள்வியை அவரே கேட்டார். இனி எந்தப் படத்தையும் அச்சிடுமுன் அவரிடம் ஒருமுறை காட்டுவதென நாம் மூவரும் தீர்மானித்திருக்கின்றோம். இளைஞர்களே, நீங்களும் உங்கள் படங்களைப் பெரியவர்களிடம் காட்டுங்கள். பெரியோர்களே, விளங்காத படமென்று ஒதுக்காமல், “திருப்பிப் பாத்தனீங்களோ?” என்று எம்மைக் கேளுங்கள்.